கஸ்பாரின் இரண்டாவது அடக்கம்

கஸ்பாரைக் கொன்றது குற்றமில்லை என்று கோர்ட்டு சொல்லி, எஸ்தாக்கி உபதேசியாரை ஊரார் வேனில் ஏற்றி மாலை போட்டுக் கூட்டிவந்த அன்று, அவர் மனைவி மதலேன் சோறு வடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கஸ்பார் வந்து அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தான். அடக்கத்தின்போது போட்டுவிட்ட அதே வெள்ளைச் சட்டை. பின்மண்டையில் அடிபட்ட இடம் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. காலில் செருப்பு இல்லை, செத்தவர்களுக்கு யாரும் செருப்பு மாட்டி அனுப்புவதில்லை. கஞ்சித்தண்ணியைக் கொட்ட வெளியே வந்த மதலேன் அவனைப் பார்த்தாள், பானையைக் கீழே வைத்தாள், உள்ளே போனாள்.

"இங்க பாருங்க, கஸ்பார் வந்துருக்கான்."

"என்ன கேக்கான்?" என்றார் உபதேசியார்.

"ஒண்ணும் கேக்கல. சும்மா உக்காந்துருக்கான். பசி போலருக்கு."

உபதேசியார் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "அப்ப போடு" என்றார். மதலேன் சோறும் சாளைமீன் குழம்பும் போட்டுக் கொடுத்தாள். கஸ்பார் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, உப்பளத்தைப் பார்த்து நடந்துபோனான். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தான்.

அடைக்கலவிளை உப்பளத்துக்கு நடுவே கிடக்கிற ஊர். மூன்று பக்கமும் உப்புப் பாத்திகள், நாலாவது பக்கம் தார் ரோடு, ரோட்டின் தலைமாட்டில் அடைக்கல மாதா கோயில். ஊரில் எல்லோரும் உப்பில்தான் பிழைத்தார்கள். எஸ்தாக்கியும் பாத்தியில் உப்பு வாருகிறவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதாலும், பங்குச்சாமி வெளியூர் போன நாளில் செத்த வீட்டில் செபம் சொல்வதாலும் அவரை உபதேசியார் என்று கூப்பிட்டார்கள். பண்டிகைக்கு வாங்கிய கோழியை அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுகிற மனுஷர் அவர். அறுத்துக் கொடுத்தது பெரும்பாலும் கஸ்பார்தான், ஏனென்றால் பக்கத்து வீடு கஸ்பாருடையது.

கஸ்பார் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். குடிக்காத நாளில் மனைவி பிரகாசிக்கு முற்றத்தில் உட்கார்ந்து தலை சீவிவிடுவான், குடித்த நாளில் அதே தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதுவான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மோதுகிற சத்தம் கேட்டதும் உபதேசியாரும் மதலேனும் முழங்காலில் நின்று செபமாலை சொல்லுவார்கள். சத்தம் கூடினால் இவர்களும் குரலைக் கூட்டுவார்கள். அங்கே அடங்கினால் இங்கேயும் அடங்கும். ஊரில் மற்றவர்களும் அவரவர் வழியில் இதையேதான் செய்தார்கள், ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள், பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினார்கள், மறுநாள் பிரகாசியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து, பல்வலியா என்று கேட்டார்கள். இப்படியே வருஷங்கள் போயின.

பிறகு ஒரு மத்தியானம், இவர்கள் செபமாலையில் இருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கூடவில்லை, அடங்கவும் இல்லை, பாதியில் அறுந்து நின்றது. அப்படி நின்றதுதான் உபதேசியாரை எழுப்பியது. அவர் போய்ப் பார்த்தபோது பிரகாசி தரையில் கிடந்தாள், கஸ்பார் அவள் மேல் முழங்காலை ஊன்றிக் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்துக்கொண்டிருந்தான், அவள் கண் மேலே செருகியிருந்தது. உபதேசியார் கஸ்பாரே, கஸ்பாரே என்று கூப்பிட்டார். தோளைப் பிடித்து இழுத்தார். அவன் ஒரு கையால் தள்ளியதில் சுவரில் போய் விழுந்தார். விழுந்த இடத்தில் உப்பு வாரும் பலகை சாத்தியிருந்தது. அதை வலது கையில் எடுத்து, தன் ஆயுசில் முதல்தடவையாக ஒரு மனிதனை அடித்தார். ஒரு அடிதான். கஸ்பார் மனைவி மேலேயே சரிந்தான், அவனுடைய பாரத்துக்கு அடியில் பிரகாசி இருமத் தொடங்கினாள்.

கழுத்தில் பதிந்திருந்த விரல் தடத்தைப் பிரகாசி கோர்ட்டில் காட்டினாள். உப்பளத்து முதலாளி வக்கீல் வைத்தார். பங்குச்சாமியார் தெயோபில், எளியவளைக் காப்பாற்ற ஓங்கிய கை ஆண்டவருடைய கை என்று பிரசங்கத்தில் சொன்னார். டீக்கடையில் சொன்னார்கள், பாத்தியில் சொன்னார்கள், கிணற்றடியில் சொன்னார்கள்: உபதேசியார் செய்தது நியாயம், நியாயம், நியாயம். கஸ்பாரின் தாய் சவரியம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தாள், கேட்கவும் யாரும் போகவில்லை.

அந்தக் கஸ்பார்தான் இப்போது தினமும் சோற்றுக்கு வந்தான்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிகக் காலம் பிடிக்கவில்லை. முதலில் டீக்கடைக்காரர் அவன் கடந்துபோகும்போது அடுப்பைத் தணித்தார், பிறகு தணிக்க மறந்தார். உயிரோடு இருந்தபோது அவனைக் கண்டால் ஒதுங்கிப்போன பெண்கள் இப்போது, "ஏ கஸ்பாரு, வழிய விட்டு உக்காரு" என்று அதட்டினார்கள். அவனும் நகர்ந்து உட்கார்ந்தான். லாரி வந்தால் யாரும் சொல்லாமலே போய் மூட்டை ஏற்றினான், முன்னைவிட நன்றாகவே ஏற்றினான், பேச்சு மட்டும் இல்லை. ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "செத்தவன் பொழைச்சு வந்தா நான் எழுதணும். இவன் செத்துத்தான் இருக்கான். இதுல எனக்கு ஒரு சோலியும் இல்ல" என்று ஜீப்பில் ஏறிப் போனார். பங்குப் பேரவை கூடி, அடக்கப் பூசை முடிந்தவனைக் கோயிலுக்குள் விடலாமா என்று பேசியது. அவன் கோயிலுக்குள் வராததால் அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

அவன் வந்தது ஞானோபதேச வகுப்புக்கு. கோயில் பக்கத்துப் பூவரச மரத்தடியில் பிள்ளைகள் உட்காரும் கடைசி வரிசையில், காலை மடக்கி, எல்லோரையும்விட உயரமாக உட்கார்ந்திருந்தான். பத்துக் கட்டளைகளைப் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஐந்தாவதை, கொலை செய்யாதிருப்பாயாக என்பதை, சொல்லிக்கொடுக்க வேண்டிய உபதேசியார் வாயைத் திறந்தபடி நின்றார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்தாள்.

"உபதேசியாரே, நீங்க கஸ்பார் மாமாவக் கொன்னது பாவமா, இல்லியா?"

"இன்னைக்குப் பாட்டுப் படிப்போம்" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். தெயோபில் சாமி அவரை முழங்காலில் நிற்க விடவில்லை.

"எஸ்தாக்கி, பாவம் இருந்தால்தானே மன்னிப்பு? ஒரு உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் அடித்தீர். திருச்சபையே அதைக் குற்றமென்று சொல்வதில்லை. எழுந்திரும்."

"அப்ப அவன் ஏன் சாமி வாரான்?"

"வந்து உம்மிடம் என்ன கேட்கிறான்?"

"சோறுதான்."

மறுநாள் மத்தியானம் சாமியார் தீர்த்தச் செம்போடு உபதேசியார் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த கஸ்பார் மேல் மந்திரித்த தீர்த்தத்தைத் தெளித்தார். கஸ்பார் சாப்பாட்டுக் கையை மடியில் துடைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மறுபடி சாப்பிட்டான். சாமியார் செம்பை மூடிக்கொண்டு போய்விட்டார்.

தவக்காலத்தில் தியானம் கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்தார், வயதில் சின்னவர், ஒல்லியானவர், செருப்பு போடாதவர். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வேறு விதமாகச் சொன்னார். தன்னைப் பிடிக்க வந்த கூட்டத்துக்கு நடுவிலும் ஆண்டவர் சீடர் இராயப்பரிடம் வாளை உறையில் போடத்தான் சொன்னார், தன்னைக் காப்பாற்றத்தான் அவர் அதை எடுத்தார் என்று தெரிந்தும் சொன்னார். "நீங்கள் அந்தப் பெண்ணுக்கும் அவனுக்கும் நடுவில் விழுந்திருக்க வேண்டும் உபதேசியாரே. அடி உங்கள் மேல் விழுந்திருக்க வேண்டும். நம் மார்க்கத்துக்கு அது ஒன்றுதான் வழி." அவர் இதை அன்போடுதான் சொன்னார், சொல்லும்போது கண்கூடக் கலங்கியது.

உபதேசியார் இதை நாலைந்து நாள் சுமந்துகொண்டு அலைந்தார். உப்பு வாரும்போதும் அந்த மத்தியானத்துக்குத் திரும்பிப் போய், நடுவில் விழுந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பிரகாசி செத்தாள். கடைசியில் அவளிடமே போனார். கஸ்பார் ஊருக்குள் எங்கெல்லாமோ நடந்தாலும் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. முதலில் கதவை அடைத்து வைத்திருந்த பிரகாசியும் இப்போது திறந்தே போட்டிருந்தாள். முற்றத்தில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அவர் கேட்டதை முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஊடால விழுந்திருந்தா ரெண்டு பேரையும் முடிச்சிருப்பான்," என்றாள். "அந்த நேரத்துல நீங்க செஞ்சது ஒண்ணுதான் வழி உபதேசியாரே. அதுல சந்தேகமே வேண்டாம்."

அவருக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. நீங்களும் மதலேன் மயினியும் செபமாலை சொல்லுதது எனக்குச் சுவரு வழியாக் கேக்கும். அடி வாங்கிக்கிட்டே செபமாலை மணிய எண்ணுவேன். இந்தப் பத்து மணி முடியதுக்குள்ள யாராவது வந்து கதவத் தட்டிருவாவன்னு நினைப்பேன். முடிஞ்சிரும். அடுத்த பத்து மணிக்குள்ள வருவாவன்னு நினைப்பேன். தட்டினாலே போதும் அன்னைக்கெல்லாம். அவன் வெக்கங்கெட்டவன் இல்ல, ஆள் பாத்தா கைய இறக்கிருவான். வெறுங்கையோட வந்து நின்னாப் போதும். எத்தனை வருசம் இருந்துச்சு அதுக்கு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். உபதேசியார் வீட்டுக்கு வந்து, அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். கஸ்பார் சாப்பிட்டான்.

ஈஸ்டர் கழிந்து வெயில் முற்றி, உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், சவரியம்மாள் ஊரின் மறுகோடியிலிருந்து வந்தாள். மகன் திரும்பி வந்தது அவளுக்கு முதல் நாளே தெரியும். ஆனாலும் கொன்றவன் வீட்டுச் சோற்றைத் தின்கிறவனைப் பார்க்கப் போவதா வேண்டாமா என்று முடிவு கட்ட அவளுக்கு இவ்வளவு காலமாகியது. வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். அவன் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். பின்மண்டையில் பூத்திருந்த உப்பை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள், அது போகவில்லை. மதலேன் பயந்து உள்ளே ஒதுங்கினாள். உபதேசியார் வெளியே வந்து நின்றார்.

"இவன் எம் மருமவளக் கொல்லப் பாத்தான்," என்றாள் சவரியம்மாள், அவரைப் பார்க்காமல். "எனக்கும் தெரியும். என்னையே ஒரு நாள் அடிச்சவன். ஊரே நீ செஞ்சது நியாயங்குது. நியாயமாவே இருக்கட்டும். நான் அதுக்கு வரல."

"சொல்லுங்கம்மா."

"ஆஸ்பத்திரியில அறுத்துக் கட்டிக் கொண்டாந்தாவளே, அன்னைக்கு ஒரு துக்க மணி அடிச்சியளா? குடிகாரனுக்கு என்ன மணின்னு விட்டுட்டிய. குழிக்கு வந்தவன்லாம் செல்போனப் பாத்துக்கிட்டு நின்னான். ஒருத்தன், 'நல்ல வேளை'ன்னான். என் காதுபட. நான் அழுதா, உபதேசியாரு மேல குறை சொல்லுதாளோன்னு பாக்காவ. அதனால நானும் அழல. எட்டு மாசத்துல செத்தே பொறந்துட்டான்னு நினைச்ச பிள்ள இவன், வாயில ஊதி ஊதி எடுத்தா மருத்துவச்சி. இவன் செத்ததுக்கு இந்த ஊர்ல ஒரு மனுசன் அழல."

கஸ்பார் தட்டில் கடைசிப் பருக்கையைத் தேடிக்கொண்டிருந்தான். எஸ்தாக்கி உபதேசியார் அவனைப் பார்த்தார். தினமும் பார்த்த ஆளைத்தான் பார்த்தார், ஆனால் அதுவரை அவர் தன் குற்றத்தையோ தன் குற்றமின்மையையோதான் அவனிடம் தேடிக்கொண்டிருந்தார். இப்போதுதான் அவனுடைய நகக்கண்ணில் இருந்த அழுக்கும், காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்த இரண்டு முடியும், மோதிர விரலில் பழைய மோதிரத்தின் தடமும் கண்ணில் பட்டன. அவன் நாற்பதைத் தொடாதவன். கைலி முனையால் முகத்தை மூடிக்கொண்டு, கோழிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு சத்தத்தில் அழுதார். கஸ்பார் தேடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். வந்த நாளிலிருந்து அவன் யாரையும் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல்தடவை.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில், பீடத்துக்குக் கீழே நின்று உபதேசியார் பேசினார். அவருக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது.

"அந்த மத்தியானம் எனக்கு மறுபடி வந்தா, மறுபடியும் அந்தப் பலகையத்தான் எடுப்பேன். இத ஆண்டவருக்கு முன்னால மறைக்கல. வேற வழி எனக்குத் தெரியல. ஆனா அத நல்ல காரியம்னு சொல்லாதிய. தயவுசெஞ்சு சொல்லாதிய. ஒரு மனுசன் போயிட்டான். எனக்கு மாலை போட்டிய, அவனுக்கு மணி அடிக்கல. அவனுக்கு நான் மறுபடி அடக்கம் செய்யப் போறேன். துக்கம் இருக்கவங்க வாங்க. இல்லாதவங்க வரவேண்டாம்."

அவர் சாமியார் பக்கம் திரும்பினார்.

"மறுபடியும் செய்வேன்னு சொல்லுதவனுக்குப் பாவமன்னிப்பு உண்டா சாமி?"

தெயோபில் சாமி படித்தவர், இதற்கு இரண்டு பக்கத்துக்கும் பதில் தெரிந்தவர். "எனக்குத் தெரியவில்லை எஸ்தாக்கி," என்றார். "கொடுக்கிறேன். நான் தெரியாமல் கொடுப்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்." இந்தத் தடவை உபதேசியார் முழங்காலில் நின்றார், அவர் தடுக்கவில்லை.

அடக்கம் திங்கட்கிழமை காலையில். கோயில் மணியைத் துக்க முறையில் விட்டு விட்டு அடித்தார்கள். பிரகாசியிடம் உபதேசியார் முந்தின நாளே போய்ச் சொல்லியிருந்தார். அவள், "நான் வரமாட்டேன். அழவும் மாட்டேன். என்னய அதுக்குக் கூப்பிடாதிய" என்றாள். "கூப்பிடல தாயி, சொல்லத்தான் வந்தேன்" என்று அவரும் திரும்பிவிட்டார். மணி அடித்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். பாத்தியில் நின்று, அடித்து முடியும்வரை கேட்டுவிட்டு, மறுபடி உப்பை வாரினாள்.

யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்த இடத்தில் ஊரில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்தார். லாரியில் அவனோடு மூட்டை ஏற்றியவர்கள் வந்து, அவன் பாடுகிற பாட்டைப் பற்றி, ஒரு மழைக்காலத்தில் பள்ளத்தில் கவிழ்ந்த லாரியிலிருந்து டிரைவரை அவன் இழுத்துப்போட்டது பற்றி, இத்தனை நாள் பேசப் பயந்ததையெல்லாம் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு முன்னால் கஸ்பார் தானே நடந்துபோனான், தூக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. சவரியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எட்டு மாசத்தில் பிறந்தவனே, மூச்சில்லாமல் பிறந்தவனே என்று வாய்விட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டே போனாள். அவளோடு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பழைய குழியைத்தான் தோண்டி வைத்திருந்தார்கள். கஸ்பார் தாயின் கையை விட்டுவிட்டு உள்ளே இறங்கி, சட்டையை இழுத்துவிட்டு, மல்லாந்து படுத்தான். சாமியார் செபம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார். மண் போடுகிற நேரம் வந்தது, யாரும் போடவில்லை. ஏனென்றால் கஸ்பார் கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். கண் திறந்திருக்கிற முகத்தில் எப்படி மண் போடுவது? ஆளாளுக்குக் கையில் அள்ளிய மண்ணோடு நின்றார்கள். மண் விரலிடுக்கில் ஒழுகியது.

எஸ்தாக்கி உபதேசியார் குழிக்குள் இறங்கினார். நிற்க இடமில்லாமல் அவன் பக்கத்தில் ஒருக்களித்து மண்டியிட்டார். கஸ்பார் அவரைப் பார்த்தான். அவர் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிற்பாடு மதலேனிடம்கூட அவர் சொல்லவில்லை. பிறகு அவன் இரண்டு இமைகளையும் விரலால் மூடிவிட்டு, அவை இனித் திறக்காது என்று தெரிகிறவரை கையை அப்படியே வைத்திருந்தார். வெயில் ஏறியது. கையை எடுத்தபோது அது ஒரு பிணத்தின் முகமாக இருந்தது.

எழுந்தவரால் ஏற முடியவில்லை. குழி ஆழம், கரை பொலபொலவென்று உதிர்ந்தது. ஆட்கள் கை நீட்டுவதற்குள் சவரியம்மாள் குழி விளிம்பில் முட்டிபோட்டுக் கையை நீட்டினாள்.

"கையக் குடு" என்றாள்.

அவர் இடது கையைக் கொடுத்தார்.

"அந்தக் கை இல்ல."

அவர் மேலே பார்த்தார். கிழவி கையை மடக்காமல் வைத்திருந்தாள். அவர் வலது கையைத் தூக்கிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்தாள். தூக்குகிற பலம் அவளுக்கு எங்கே இருந்தது, அவள் எலும்பும் தோலுமாக இருந்தவள். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் அவளுடைய தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள், இழுக்க இழுக்க அவர் வயிறு தேய, மண் சரிய, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தார். வந்த பிறகும் அவள் பிடியை விடவில்லை. அந்தக் கையைப் பிடித்தபடியே மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "இப்ப மண்ணப் போடுங்க" என்றாள்.